வெடிக்கு வெருளாத பிள்ளை

இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் உங்களைத் தேடி வரமாட்டார். பின்பக்கத்தில் தனக்கென்று இருக்கும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டிருப்பார். முன்னால் ஏறிய நீங்கள் காசைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து, போகுமிடத்தைச் சொல்ல வேண்டும். காசு பத்துக் கை மாறிப் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே பத்துக் கை வழியாகத் திரும்பி வரும். யாரும் உங்கள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, ஆனால் டிக்கெட் தவறாமல் வந்துவிடும். வந்த புதிதில் நான் "தி.நகர் ரெண்டு தாங்கோ" என்றால் முன்னால் நிற்பவர் திரும்பி, "கேரளாவா?" என்பார். இலங்கை என்று சொன்னால் சிலர் கனிவாகப் பார்ப்பார்கள், சிலர் சற்று விலகி நிற்பார்கள். இரண்டையும் தவிர்க்க நான் கேரளா என்றே தலையாட்டப் பழகியிருந்தேன்.

ஆனால் மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஒரு பொய்யும் உதவாது. தர்சினிக்கு அப்போது ஏழு வயது. என்னைத் தவிர வேறு யாருடைய கை பட்டாலும் உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவாள். மந்தைவெளியில் ஏறி தி.நகரில் இறங்கும்வரை, அவளை ஜன்னலோரம் இருத்தி, நான் வெளிப்புறம் ஒரு சுவர்போல நின்றுகொண்டு வருவேன். எனக்கு மேலாகக் காசும் டிக்கெட்டும் போய் வந்துகொண்டிருக்கும். "நகருமா, குழந்தையைத் தூக்கி மடியில வச்சுக்கோ, இன்னொருத்தர் உக்காரலாம்ல" என்று யாராவது சொல்வார்கள். நான் ஒன்றும் பேசமாட்டேன். பேசினால் என் தமிழ் காட்டிக்கொடுத்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். கணவர் குகன் கொழும்பிலிருந்து கனடாவுக்குப் போனார். நானும் பிள்ளையும் சென்னைக்கு வந்து, மந்தைவெளியில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, அவர் எங்களைக் கூப்பிடும் நாளுக்காகக் காத்திருந்தோம். ஆறு மாதம் என்று நினைத்து வந்தவர்கள் எல்லோரையும் போலவே எங்களுக்கும் ஆறு மாதம் வருடங்களாகிவிட்டது. ஊரில் இருக்கும் உங்களுக்கும், வேறு வேறு நாடுகளில் இதே காத்திருப்பில் இருக்கும் உங்களுக்கும் இந்தக் கதை புதிதல்ல. நான் சொல்ல வந்தது அதற்குள் இருந்த இன்னொரு கதை. இதை நான் அம்மாவுக்குக்கூட எழுதியதில்லை.

தர்சினி ஒன்றரை வயதில் அம்மா, பால், கா என்று மூன்று சொல் சொன்னவள். 'கா' என்றால் காகம். இரண்டு வயதுக்குள் அந்த மூன்றும் போய்விட்டன. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஒரு மூடியை நிலத்தில் சுழலவிட்டு, அது விழும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்; விழுந்ததும் திரும்பச் சுழற்றுவாள். பீரங்கிச் செல்லுக்குப் பயந்து பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் நாங்கள் கிடந்த நாட்களில் எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: "செல் சத்தத்தில் பிள்ளை வெருண்டு போச்சு." இந்தியா வந்து சேர்ந்தால் சரியாகும் என்றார்கள். சென்னையில் நான் பார்த்த மூன்று டாக்டர்களும் யாழ்ப்பாணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பேனாவை மூடினார்கள். "அங்க அவ்வளவு பாத்திருக்கா, பாவம். போகப் போகப் பேசிடுவா." ஒருவர் வைட்டமின் எழுதித் தந்தார்.

எனக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது. வெருட்சி என்றால் ஒருநாள் தெளியும். சண்டை செய்த காரியம் என்றால் அது என் வயிற்றின் குற்றமல்ல, குகனின் பரம்பரையின் குற்றமுமல்ல. ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையின் சொற்கள் போன அந்த மாதங்களில் எங்கள் ஊரில் ஒரு வெடிகூடக் கேட்கவில்லை. சனங்கள் கலியாணம் செய்தார்கள், திருவிழா நடத்தினார்கள். செல் வந்தது அதற்குப் பிறகு. இதை நான் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. தி.நகருக்குப் போகும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பனகல் பூங்காப் பக்கம் இறங்கி, பூங்காவின் கம்பி வேலியைத் தர்சினி ஒவ்வொன்றாக விரலால் தொட்டபடி நடக்க, பாண்டி பஜாருக்குத் திரும்புவோம். ஒரு கம்பியையும் விடக்கூடாது. அன்று கூட்டத்துக்காக அந்த நடைபாதையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். நான் பிள்ளையின் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான்.

தரையில் விழுந்தாள். தலையை நிலத்தில் அடிக்கத் தொடங்கினாள். நான் என் கையைத் தலைக்கடியில் வைத்தேன், கையைக் கடித்தாள். தூக்க முயன்றேன், வழுக்கி விழுந்தாள். நாற்பது ஐம்பது பேர் வளைத்துவிட்டார்கள். பூக்கூடையோடு ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"இன்னாம்மா, கொயந்த இப்டி அலறிக்கினு கீது, நீ பாட்டுக்கு இஸ்துக்கினு போற? உன் புள்ளதானா?"

"என்ர பிள்ளைதான். தள்ளி நில்லுங்கோ. அவளுக்குக் கதைக்கத் தெரியாது."

"கதையா? இன்னா கதை?"

"பாஷையே வேறயா கீதே" என்றார் ஒருவர். "பாப்பா, இது உங்க அம்மாவா? சொல்லு, பயப்படாத" என்று இன்னொருவர் குனிந்து அவளைத் தொட்டார். அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். பிள்ளை பிடிக்கிறவள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒருவர் போலீஸைக் கூப்பிடப் போனார். இந்தப் பிள்ளை என்னுடையது என்று உலகத்தில் சாட்சி சொல்லக்கூடிய ஒருத்தி அவள்தான். அவளுக்குச் சொல் இல்லை. எனக்குச் சொல் இருந்தது. அந்தச் சொல்லைத்தான் அவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

அப்போது யாரோ கூட்டத்தின் ஓரத்தில் ஒரு அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். பூக்காரப் பெண் உட்படக் கூட்டமே துள்ளியது. நான் துள்ளவில்லை, நிலத்தில் குப்புற விழுந்துவிட்டேன். காதைப் பொத்திக்கொண்டு, முகத்தை மண்ணில் அழுத்திக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

நிமிர்ந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, கைத்தறிச் சேலையோடு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தர்சினியிடமிருந்து ஒரு கஜம் தள்ளி. அவளைப் பார்க்கவில்லை, வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தியிருந்தார்.

"ஒருத்தரும் அவளைத் தொடாதீங்கோ. கொஞ்சம் நகருங்கோ, காத்து வரட்டும். இவா இவளோட அம்மாதான். கையைப் பாருங்கோ, எத்தனை பழைய கடி இருக்குன்னு. பிள்ளை பிடிக்கறவா இத்தனை கடி வாங்கிண்டு பக்கத்துல நிப்பாளா?"

கூட்டம் என் கையைப் பார்த்தது. வந்த கான்ஸ்டபிளும் பார்த்தார். பூக்காரப் பெண் தன் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "போங்கய்யா, போங்க, வேடிக்க இன்னா வேடிக்க" என்று மற்றவர்களை விரட்டத் தொடங்கினாள். கான்ஸ்டபிளிடம் அந்த அம்மா ஏதோ சொல்லி, கயிற்றை ஓரிடத்தில் அவிழ்க்க வைத்தார். தர்சினி கால்மணி நேரம் கழித்து எழுந்தாள். நேரே வேலிக்குப் போய் முதல் கம்பியைத் தொட்டாள்.

அந்த அம்மாவின் பெயர் மைதிலி. மயிலாப்பூர்க்காரர், ஒரு வங்கியில் வேலை. எங்கள் இருவருக்கும் பின்னால் நடந்து வந்தார். வேலி முடியும் இடத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இவளுக்கு என்னன்னு டாக்டர்கள்லாம் சொன்னா?"

"செல் சத்தத்திலை வெருண்டுபோனாள். பயம்."

"வெடிக்குப் பயந்தது நீங்கதானே. கொழந்தை திரும்பிக்கூடப் பார்க்கலையே, கவனிச்சேளா? அவ அழுதது வழி மாறினதுக்கு." கடைசிக் கம்பியைத் தொடும் தர்சினியைப் பார்த்தார். "எங்காத்துலயும் ஒருத்தன் இருக்கான். பதினாலு வயசு."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்தவர், நான் ஐந்து வருடமாக மூடி வைத்திருந்ததைத் தெருவில் வைத்துத் திறந்துவிட்டார். இப்படிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடும் இடம் என்று அவர் எழுதித் தந்த அடையாறு முகவரியை மூன்று வாரம் பையிலேயே வைத்திருந்தேன். நான்காவது ஞாயிற்றுக்கிழமை போனேன்.

ஒரு வீட்டு மாடியில் எட்டுப் பேர். பெரும்பாலும் அம்மாக்கள், ஒரே ஒரு அப்பா. பாய் விரித்திருந்தது. பிள்ளைகள் அடுத்த அறையில். அங்கிருந்து வந்த சத்தத்துக்கு ஒருவரும் எழுந்து ஓடவில்லை. அதுதான் எனக்கு முதல் அதிசயம். அங்கேதான் ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டேன். மருந்து உண்டா என்றேன். இல்லை என்றார்கள். மாறுமா என்றேன். கற்றுக்கொள்வார்கள், நம் வேகத்தில் அல்ல என்றார்கள். செய்ததையே செய்வது, தொட்டால் துடிப்பது, வந்த சொற்கள் போவது என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, யாழ்ப்பாணத்தையே பார்த்திராத அந்தப் பெண்கள் என் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு குண்டும் விழாத மயிலாப்பூரிலும் ஒரு பிள்ளை இப்படி மூடி சுழற்றிக்கொண்டிருந்தது. நான் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதேன். யாரும் தேற்றவில்லை. ஒருவர் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

பரிசோதனைக்கு அவர்களே ஒரு இடத்துக்கு அனுப்பினார்கள். மைதிலி அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு கூட வந்தார். பரிசோதித்தவர் இளம்பெண், பொறுமையானவர். படங்களை வரிசையாக வைத்து, சொன்ன பொருளைத் தொடும்படி கேட்டார். குடையைத் தொட்டாள் தர்சினி. பூனையைத் தொட்டாள். பிறகு இரண்டு படங்கள்: ஒன்று ஆண்கள் போடும் மேற்சட்டை, மற்றது சிறுமிகள் போடும் கவுன்.

"சட்டை எதும்மா? தொடு பார்க்கலாம்."

கவுனைத் தொட்டாள். அந்தப் பெண் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அடுத்தது தட்டு. தர்சினி அசையவில்லை. இன்னொரு குறி. இந்த ஊரில் நான் யாரோடும் எதிர்த்துப் பேசியதில்லை. கடைக்காரர், வீட்டுக்காரர், ஆட்டோக்காரர் எவரோடும். எதிர்த்துப் பேசும் உரிமை எனக்கு இல்லை என்று நானே தீர்மானித்திருந்தேன்.

"நில்லுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவள் சரியாத்தான் தொட்டவள். எங்கட ஊரிலை பொம்பிளைப் பிள்ளையள் போடுறதுதான் சட்டை. நீங்கள் சொல்லுறதை நாங்கள் சேட்டு எண்டுவம். தட்டு எண்டால் அவளுக்குத் தெரியாது. கோப்பை எண்டு கேளுங்கோ."

"கோப்பைன்னா கப் இல்லையா?"

"எங்களுக்குச் சாப்பிடுறது கோப்பையிலை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் பயந்தேன், வெளியே போகச் சொல்வார் என்று. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, படங்களை என் முன் தள்ளினார். "நீங்களே கேளுங்க. உங்க வார்த்தையில. நான் எழுதிக்கறேன்." நான் கேட்டேன். கோப்பை என்றதும் சாப்பாட்டுத் தட்டின் படத்தில் பிள்ளையின் விரல் போய் நின்றது. முப்பது படங்களில் இருபத்திரண்டைத் தொட்டாள். என் பிள்ளைக்கு எங்கள் வீட்டுச் சொற்கள் இருபத்திரண்டு தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்னப் பள்ளி. அங்கே தலைமையாசிரியையைப் பார்க்க அடையாறு மாடியிலிருந்து நாங்கள் நாலு பேர் சேர்ந்து போனோம். காலையில் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். "ஆனா டாக்டர் லெட்டர் வேணும்மா. நாளைக்கு மத்த பேரன்ட்ஸ் வந்து கேட்டா நான் எதைக் காட்டறது?" நியாயமான கேள்வி. அந்த வாரமே கனடாவிலிருந்து குகனின் தொலைபேசி அழைப்பு வந்தது. பக்கத்துத் தெரு டெலிபோன் பூத்தில், கண்ணாடிக் கதவைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் டாக்டர் கடிதம் கேட்பதைச் சொன்னேன். தர்சினி வெளியே நின்று கதவில் நெற்றியை வைத்திருந்தாள்.

"நீர் ஒரு கடதாசியும் எழுதி வாங்காதேயும்" என்றார். "விசா மெடிக்கலுக்குக் கூப்பிடப் போறாங்கள். அதுக்கு முதல் இப்பிடி ஒண்டு எழுத்திலை இருந்தால் எல்லாம் கெட்டுப்போகும்."

"கடதாசி இல்லாட்டிப் பள்ளிக்கூடத்திலை எடுக்கமாட்டினம்."

"இஞ்சை வந்தால் எல்லாப் பள்ளிக்கூடமும் இருக்கு."

"எப்ப வாறது?"

கடல் இரைவது போல லைன் இரைந்தது. பிறகு, "அவளுக்கு ஒண்டுமில்லை, வெருட்சிதான்" என்றார். அந்தக் குரலில் அதிகாரம் இல்லை. கெஞ்சினார். மகளை இரண்டரை வயதில் விட்டுப் போன மனிதர், அவளைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "அவளின்ர சொல்லு போனபோது செல் விழவில்லை, குகன். உமக்கும் தெரியும். நீர் அப்ப வீட்டிலைதான் இருந்தனீர்."

லைன் தானாக அறுந்ததா, அவர் வைத்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் அழைப்பும் இல்லை, கடிதமும் இல்லை. அந்த இரண்டு மாதத்தில், குடும்பத்தை இரண்டாகக் கிழித்துவிட்டேனோ என்று நினைக்காத நாள் இல்லை. மைதிலியிடம் கேட்டேன், நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று. அவர் வழக்கமாக உடனே பதில் சொல்பவர். "எனக்கு இந்த ஊரை விட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை. அதனால நான் சொல்றது சரியா இருக்காது" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் கடிதத்தை வாங்கினேன். தர்சினி பள்ளிக்கூடம் போனாள். வாசல் வேப்பமரத்தடியில் நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கத்தல் கேட்டால் உள்ளே ஓடுவேன். முதல் மாதம் தினமும் ஓடினேன். ஆறாவது மாதத்தில் ஒரு முழு வாரம் யாரும் கூப்பிடவில்லை. மெடிக்கலுக்குப் போனபோது டாக்டர், வேறேதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை அன்று அமைதியாக இருந்தாள். நான் கடிதத்தை மேசையில் வைத்தேன். எங்கள் விண்ணப்பத்துக்கு, மேலும் ஆராய வேண்டியிருக்கிறது என்று பதில் வந்தது. இதை எழுதும்வரை வேறு பதில் இல்லை. குகன் மறுபடி எழுதத் தொடங்கினார். முதல் கடிதத்தில், "எனக்கும் தெரியும், நான் வீட்டிலைதான் இருந்தனான்" என்று ஒரே ஒரு வரி. அதன் பிறகு அங்குள்ள பத்திரிகைகளில் ஆட்டிசம் பற்றி வருவதையெல்லாம் வெட்டி அனுப்புகிறார். அடையாறு மாடியில் நாங்கள் அதைச் சேர்ந்து படிக்கிறோம்.

போன மாதம் எங்கள் கூட்டத்துக்குக் கோடம்பாக்கத்திலிருந்து செல்வி என்ற பெண் வந்தாள். கணவர் படப்பிடிப்பில் லைட் தூக்குபவர். ஐந்து வயது மகளை வடபழனிப் பள்ளி ஒன்று சேர்க்க மறுத்திருந்தது. "எனக்கு இங்கிலீசு வராதுக்கா, அவங்க முன்னாடி வாயே தொறக்க மாட்டேங்குது, நீ வாயேன்" என்றாள். போனேன். பேசியது நான்தான், கடிதம் இது, மற்றப் பள்ளி செய்தது இது, அம்மா வாசலில் இருப்பாள் என்று. அங்கிருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"எங்க அக்கா" என்றாள் செல்வி.

"அக்கா பேச்சு வேற மாதிரி இருக்கே?"

"கட்டிக் குடுத்த எடம் அப்படிங்க" என்றாள், கண்ணிமைக்காமல்.

வாரத்தில் மூன்று நாள் என்று இடம் கிடைத்தது. வாசலுக்கு வந்து இருவரும் சிரித்த சிரிப்பில் செல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளை பஸ் ஏற்றிவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து தர்சினியை அழைத்துக்கொண்டு, அப்படியே காவல் நிலையத்துக்குப் போனேன். இலங்கையிலிருந்து வந்த நாங்கள் மாதம் ஒருமுறை அங்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்தர் பழகியவர், மேசையிலிருந்த பிஸ்கட்டை நீட்டி, "வேணுமா பாப்பா?" என்று கேட்டார். இந்த வருடம் தர்சினிக்கு நாலைந்து சொற்கள் வந்திருந்தன, எல்லாம் பள்ளிக்கூட ஆயாவிடம் எடுத்தவை. அவள் பிஸ்கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

"வாணாம்" என்றாள், தெளிவாக.

எழுத்தர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "பார்றா! புள்ள நம்ம ஊரு பொண்ணாவே ஆயிட்சு." சிரித்தபடியே, அந்நியர்களுக்கான பதிவேட்டை விரித்து என் பக்கம் திருப்பி, எங்கள் இருவர் பெயருக்கும் எதிரே விரலை வைத்துக் காட்டினார்.